41 குண்டுகளும் ஒரு தாயின் வழக்கும்

(வாலிபர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

கடையைப் பூட்டிவிட்டு, இஷாத் தொழுகையையும் முடித்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். நாள் முழுக்க நின்ற கால்கள் வலிக்கும். ஆகவே சுற்றி வளைக்காமல், உங்கள் தொழிலைச் செய்த ஒரு சகோதரரிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் பெயர் அமாது தியாலோ. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக் குடும்பம். தந்தை சைக்கூ ஒரு வணிகர். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் 1996-இல் நியூயார்க் வந்தார் அமாது. மன்ஹாட்டன் பகுதியில் 14-ஆம் தெருவில் நடைபாதை வியாபாரம். காலுறை, கையுறை, வீடியோ கேசட். குளிரோ வெயிலோ, நின்றுகொண்டே விற்பார். மார்க்கப் பற்றுள்ள இளைஞர். எந்தக் குற்ற வழக்கும் அவர் மீது இருந்ததில்லை.

1999 பிப்ரவரி 4. நள்ளிரவு தாண்டிய நேரம். பிராங்ஸ் பகுதியில் வீலர் அவென்யூவில், தான் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் நிற்கிறார். சீருடை அணியாத நான்கு காவலர்கள் காரிலிருந்து இறங்குகிறார்கள். நியூயார்க் காவல்துறையின் தெருக்குற்றத் தடுப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தாங்கள் தேடிய ஒரு குற்றவாளியின் சாயலில் இவர் இருந்தாராம். அமாது சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுக்கிறார். துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டோம் என்றார்கள் பிறகு. 41 குண்டுகள் பாய்ந்தன. 19 அவர் உடலைத் துளைத்தன. அவருக்கு வயது 23.

அவர் அருகே கிடந்தது துப்பாக்கி அல்ல, சகோதரர்களே! மணிபர்ஸ்!

நகரம் கொதித்தது. காவல்துறைத் தலைமையகத்தின் முன்பு நாள்தோறும் அமைதியாக அமர்ந்து மறியல் செய்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைதானார்கள். முன்னாள் மேயர் டேவிட் டிங்கின்ஸ் அவர்களில் ஒருவர். நான்கு காவலர்கள் மீதும் கொலை வழக்கு பதிவானது. நியூயார்க்கில் விளம்பரம் அதிகமாகிவிட்டது என்று கூறி விசாரணையை ஆல்பனி நகருக்கு மாற்றினார்கள். 2000 பிப்ரவரி 25 அன்று நால்வரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை. 2001-இல் மத்திய அரசின் நீதித்துறையும், நாங்கள் வழக்குத் தொடரப் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன சொல்வோம்? 'அவ்வளவுதான். ஏழைக்கு ஏது நீதி?' என்று கைகளை உதறிவிட்டு எழுந்துவிடுவோம். அந்தத் தாய் எழுந்து போகவில்லை. காதியாது தியாலோ என்ற அந்தத் தாயும் தந்தை சைக்கூவும் இன்னொரு கதவைத் தட்டினார்கள். இன்றிரவு நான் பேச வந்தது அந்த இரண்டாவது கதவைப் பற்றித்தான்.

இரண்டு கதவுகள்

காவலர் ஒருவர் அளவுமீறிப் பலப்பிரயோகம் செய்தால் அமெரிக்காவில் இரண்டு விதமான வழக்குகள் வரலாம். ஒன்று குற்றவியல் வழக்கு. அதை அரசுதான் நடத்தும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டால் பாதிக்கப்பட்டவர் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று குடியுரிமை வழக்கு. பாதிக்கப்பட்டவரே தொடுப்பது. யாருடைய அனுமதியும் தேவையில்லை. எந்தப் பக்கத்துச் சான்று கூடுதல் கனமானது என்று தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். தட்டு நம் பக்கம் சற்றே தாழ்ந்தாலும் போதும். சிறைத் தண்டனை கிடைக்காது. ஆனால் நஷ்டஈடு கிடைக்கும். காவல்துறை தன் கோப்புகளை நீதிமன்றத்தில் திறந்து காட்ட வேண்டிவரும். கட்டளை பிறப்பிக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

இந்தக் கதவு எப்போது வந்தது தெரியுமா? 1871-இல்! அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை கு கிளக்ஸ் கிளான் என்ற வெறிக்கூட்டம் வேட்டையாடியது. உள்ளூர் அதிகாரிகளில் பலர் அதற்குத் துணை போனார்கள். அல்லது கண்ணை மூடிக்கொண்டார்கள். அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரது அரசியல் சாசன உரிமையைப் பறிப்பவர் மீது மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று அப்போது ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் பிரிவு இன்று 1983 என்ற எண்ணால் அறியப்படுகிறது. அது ஆண்டு அல்ல, பிரிவின் எண்.

சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஆனால் ஏறத்தாழ 90 ஆண்டுகள் தூங்கியது!

தூங்கிய சட்டத்தை எழுப்பியவர்கள்

எழுப்பியது யார்? சாதாரணக் குடும்பங்கள்.

சிகாகோவில் மன்ரோ என்ற கறுப்பினக் குடும்பம். 1958-இல் ஒரு விடியற்காலை 13 காவலர்கள் வாரண்டு இல்லாமல் வீட்டுக்குள் புகுந்தார்கள். கணவன் மனைவியை நிர்வாணமாக நடுவீட்டில் நிறுத்தினார்கள். வீட்டைக் கலைத்துப் போட்டார்கள். கணவரை நிலையத்தில் 10 மணி நேரம் வைத்திருந்து, வழக்கு ஏதுமின்றி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பம் நீதிமன்றம் போனது. 1961-இல் உச்சநீதிமன்றம், காவலர்கள் மீது இந்தச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம் என்றது. ஆனால் நகர நிர்வாகத்தின் மீது போட முடியாது என்றும் சொன்னது. 17 ஆண்டுகள் கழித்து 1978-இல் வேறொரு வழக்கில் அந்தத் தடையும் விழுந்தது. நகரத்தின் கொள்கையோ நெடுநாள் வழக்கமோ உரிமை மீறலுக்குக் காரணமாக இருந்தால் நகரமே பதில் சொல்ல வேண்டும் என்றானது.

மெம்பிஸ் நகரில் கார்னர் என்ற 15 வயதுச் சிறுவன். 1974-இல் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பும்போது காவலர் தலையில் சுட்டார். கையில் ஆயுதம் இல்லை. திருடியது ஒரு பையும் 10 டாலரும். ஓடுகிறவனைச் சுடலாம் என்று அந்த மாநிலத்தின் சட்டமே அப்போது அனுமதித்தது. அவன் தந்தை விடவில்லை. என் மகன் குற்றமற்றவன் என்று அவர் வாதாடவில்லை. திருட்டுக்குத் தண்டனை மரணமா என்றுதான் கேட்டார். 11 ஆண்டுகள் போராடினார். 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து விளைவிப்பவர் என்று நம்பக் காரணம் இல்லாதபோது, ஆயுதமில்லாமல் ஓடுபவரைக் கொல்லும்படி சுடக்கூடாது. ஒரு தந்தையின் வழக்கு நாடு முழுமைக்கும் விதியானது.

மூன்றாவது சம்பவம் ஒரு கடை வாசலில் நடந்தது. வணிகர்கள் கவனியுங்கள்! 1984, சார்லட் நகரம். கிரஹாம் என்ற சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவு இறங்குகிறது. ஆரஞ்சு ஜூஸ் வாங்க நண்பரின் காரில் கடைக்கு விரைகிறார். உள்ளே நீண்ட வரிசை. நிற்க முடியாமல் வேகமாக வெளியேறுகிறார். பார்த்த காவலருக்குச் சந்தேகம். காரை மறித்தார்கள், விலங்கு பூட்டினார்கள். 'அவர் நோயாளி' என்று நண்பர் சொன்னதைக் கேட்கவில்லை. கால் எலும்பு முறிந்தது. பிறகு விசாரித்தால், கடையில் ஒன்றுமே நடக்கவில்லை! 1989-இல் இந்த வழக்கில்தான் உச்சநீதிமன்றம் அளவுகோலை நிர்ணயித்தது. அந்த இடத்தில், அந்த நொடியில், நியாயமான ஒரு காவலர் இப்படிச் செய்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். இன்றுவரை அளவுமீறிய பலப்பிரயோக வழக்குகள் இந்தத் தராசில்தான் நிறுக்கப்படுகின்றன.

இவர்களுக்கெல்லாம் வக்கீல் வைக்கப் பணம் ஏது என்று கேட்பீர்கள். 1976-இல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை வழக்கில் வென்றவரின் வக்கீல் செலவைத் தோற்றவர் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏழையின் வழக்கை எடுக்க வக்கீல்கள் முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பூசி மெழுக வேண்டாம்

சகோதரர்களே! எல்லாம் இனிப்பாக இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை. இந்தக் கதவில் பூட்டுகளும் உண்டு.

முதல் பூட்டு, அதிகாரிகளுக்கு நீதிமன்றங்களே கொடுத்த பாதுகாப்பு. 1967-இல் தொடங்கி 1982-இல் இறுகியது. காவலர் உரிமையை மீறினார் என்று காட்டினால் மட்டும் போதாது. அப்படிச் செய்வது தவறு என்பது முன்பே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் இதற்கு, ஏறக்குறைய அதே மாதிரி நடந்த பழைய வழக்கின் தீர்ப்பைக் காட்டச் சொல்வார்கள். 'இதுபோல் முன்பு தீர்ப்பில்லை' என்று கூறித் தள்ளுபடியான வழக்குகள் ஏராளம்.

இரண்டாவது, பணம் யார் பையிலிருந்து போகிறது என்ற கேள்வி. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய நகரங்களிலும் மாவட்டங்களிலுமாக 44 காவல் அமைப்புகளின் 2006 முதல் 2011 வரையிலான கணக்கைப் பார்த்தது. குடியுரிமை வழக்குகளில் கொடுக்கப்பட்ட தொகை 73 கோடி டாலருக்கும் மேல். அதில் காவலர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தது 0.02 சதவீதம்! மீதி முழுவதும் மக்களின் வரிப்பணம். அடி வாங்கியவனும் வரி கட்டுகிறான், அடித்தவனுக்காக! 2020-இல் கொலராடோ மாநிலம் இதைக் கொஞ்சம் மாற்றியது. நல்லெண்ணமின்றி நடந்த காவலர் தீர்ப்புத் தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும் என்றது. சிறிய மாற்றம்தான். ஆனாலும் மாற்றம்.

மூன்றாவது, போன உயிர் திரும்பாது. தியாலோ பெற்றோர் 6 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். அதில் குண்டு ஒன்றுக்கு 10 லட்சம் என்ற கணக்கும் உண்டு. 2004 ஜனவரியில் 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சுட்ட நால்வரில் ஒருவர் 2015-இல் சார்ஜெண்டாகப் பதவி உயர்வும் பெற்றார்! அந்தத் தாயின் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும்?

அப்படியானால் அந்த வழக்கு வீணா? இல்லை என்கிறேன் நான். ஏன் என்று சொல்கிறேன்.

பணம் அல்ல, பேரேடு!

கணக்கு எழுதாத கடை என்ன ஆகும்? களவு போனால்கூடத் தெரியாது. எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு போனது என்று பேரேட்டில் இருந்தால்தான் கல்லாவில் கை வைத்தவனைப் பிடிக்கலாம். காவல்துறையின் அத்துமீறலும் அப்படித்தான். ஒவ்வொரு சம்பவமும் தனித்தனியே நடந்து மறந்து போகும் வரையில், 'ஏதோ ஒரு தவறு நடந்துவிட்டது' என்று சொல்லித் தப்பிவிடலாம். எல்லாவற்றையும் எழுதி ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், தவறு அல்ல, வழக்கம் என்று அம்பலமாகிவிடும்.

அமாது கொல்லப்பட்ட அடுத்த மாதமே, 1999 மார்ச்சில், நியூயார்க்கின் ஒரு சட்ட உரிமை அமைப்பு இன்னொரு வழக்கைத் தொடுத்தது. அது ஓர் உயிருக்கு நஷ்டஈடு கேட்ட வழக்கு அல்ல. அந்தத் தெருக்குற்றப் பிரிவு நிறத்தைப் பார்த்து மக்களை மறித்துச் சோதிக்கிறது என்று கூறிய வழக்கு. வழக்கு நடக்கும்போதே, 2002-இல், அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. 2003-இல் சமரசம் ஏற்பட்டது. இன, நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் எழுத்து வடிவிலான விதியை ஏற்க வேண்டும், யாரை எங்கே மறித்தோம் என்ற விவரத்தை வழக்குத் தொடுத்தவர்களிடம் காலாண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்று காவல்துறை ஒப்புக்கொண்டது.

கவனியுங்கள்! அவர்கள் வாங்கியது காசு அல்ல, கணக்கு! அந்தக் கணக்கு அடுத்த வழக்கின் ஆயுதமானது. அந்த விவரங்களை வைத்து 2008-இல் நகரத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். 2013 ஆகஸ்ட் 12 அன்று நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் முறை மக்கள் மறிக்கப்பட்டார்கள். அவற்றில் 52 சதவீதம் கறுப்பின மக்கள், 31 சதவீதம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 88 சதவீதம் பேர் மீது கைதும் இல்லை, வழக்கும் இல்லை. அதாவது, ஒன்றும் செய்யாதவர்கள்! இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிபதி எழுதினார். காவல்துறையைச் சீர்செய்யக் கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்தார்.

விளைவு? 2011-இல் மட்டும் 6,85,724 பேர் மறிக்கப்பட்டிருந்தார்கள். 2014-இல் அது 50,000-க்கும் கீழே வந்துவிட்டது. எத்தனை லட்சம் இளைஞர்கள் சுவரில் கைவைத்து நிற்கும் அவமானத்திலிருந்து தப்பினார்கள்! அமாது உயிர் பிழைக்கவில்லை. ஆனால் அமாதுவைப் போன்றவர்கள் வீதியில் நடக்க வழி பிறந்தது.

கோபம் எரித்தது யாரை?

வாலிபர்களே! உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்.

1991 மார்ச் 3. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் தடியால் அடித்து நொறுக்கினார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. ஆனாலும் 1992 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பில் காவலர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நகரம் பற்றி எரிந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எரிந்தவை யாருடைய கடைகள்? அடித்த காவலரின் கடையா? பிழைக்க வந்த கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000-க்கு மேல் சேதமாயின. எல்லாம் சிறு வணிகர்களின் வியர்வை!

அந்த நெருப்பு ராட்னி கிங்குக்கு எதைக் கொடுத்தது? 1993-இல் நடந்த மத்திய குடியுரிமைக் குற்ற வழக்கில்தான் நால்வரில் இருவர் சிறை சென்றார்கள். 1994-இல் நகரம் அவருக்கு 38 லட்சம் டாலர் தர வேண்டும் என்று உரிமையியல் வழக்கில் தீர்ப்பானது. அதே 1994-இல், தவறான வழக்கம் கொண்ட காவல்துறைகள் மீது மத்திய அரசே வழக்குப் போட ஒரு சட்டமும் வந்தது. இவற்றுக்கெல்லாம் அச்சாணியாக இருந்தது அந்த ஒரு வீடியோ நாடா.

ஆனால் அரசை மட்டும் நம்பியிருந்தாலும் ஆபத்துதான். அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மினியாபோலிஸ், லூயிவில் நகரக் காவல்துறைகளைச் சீர்திருத்தப் போடப்பட்ட ஒப்பந்தங்களை 2025 மே மாதம் மத்திய நீதித்துறையே கைவிட்டது. ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020-இல் காவலரின் முழங்காலுக்கடியில் மூச்சடங்கிய நகரம்தான் அந்த மினியாபோலிஸ்! அவர் குடும்பம் தொடுத்த வழக்கில் நகரம் 2021-இல் 2 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆட்சி மாறினால் அரசின் அக்கறை மாறலாம். பாதிக்கப்பட்டவர் தொடுத்த வழக்கை எந்த ஆட்சியும் வாபஸ் வாங்க முடியாது.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒன்று, பதிவு. தேதி, நேரம், இடம், காவலரின் பெயர் அல்லது எண், பார்த்தவர்கள், மருத்துவரின் சான்று ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். ஃபிளாய்ட் இறந்த அன்று காவல்துறை வெளியிட்ட அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம் போலச் சொன்னது. வீதியில் நின்ற ஓர் இளம்பெண்ணின் செல்போன்தான் அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது.

இரண்டு, காலக்கெடு. நியூயார்க் நகரத்தின் மீது மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க 90 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அழுது முடிப்பதற்குள் நாள் கடந்துபோனவர்கள் உண்டு. எந்த நாட்டிலும் சட்டம் நம் கண்ணீர் காயும் வரை காத்திருப்பதில்லை.

மூன்று, கூட்டு முயற்சி. தனி ஒருவரின் வழக்கை, காசு கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். பலர் சேர்ந்து தொடுக்கும் வழக்கு விதியை மாற்றுகிறது. அதற்கு வக்கீல்கள் வேண்டும். நம் பிள்ளைகள் சட்டம் படிக்க வேண்டும். வணிகப் பெருமக்களே, ஒரு பிள்ளையின் சட்டப் படிப்புக்குக் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, சமுதாயத்தின் முதலீடு!

உங்களில் சிலர் கேட்கலாம், 'அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?' என்று. நம் நாட்டில் பாதை வேறு. ஆனால் கதவு உண்டு. 1987-இல் ஒரிசாவில் காவலர்கள் அழைத்துச் சென்ற 22 வயது மகன், மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். தாய் நீலாவதி பெஹரா உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம்தான் சகோதரர்களே! அதையே மனுவாக ஏற்ற உச்சநீதிமன்றம், 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர மாநில அரசுக்கு உத்தரவிட்டது. உயிருரிமை பறிபோகும் இடத்தில் அரசு தன் இறையாண்மையைக் காட்டித் தப்ப முடியாது என்றும் சொன்னது.

அங்கே ஒரு தாய் காதியாது. இங்கே ஒரு தாய் நீலாவதி. மொழி வேறு, மதம் வேறு, கண்டம் வேறு. இருவர் கையிலும் கல் இல்லை, கத்தி இல்லை. காகிதம் இருந்தது. என் பிள்ளையின் கணக்கைச் சொல் என்று அரசாங்கத்தைக் கேட்கும் துணிவு இருந்தது.

நாளை காலை கடையைத் திறந்து கணக்கு நோட்டை எடுக்கும்போது அமாது தியாலோவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மணிபர்ஸை எடுக்கத்தான் கைவிட்டார். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், நம் தெருவில் அநியாயம் நடந்தால் எழுதி வைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். எழுதப்படாத அநியாயத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் சாட்சி இல்லை.